கண்ணாடிக்கு வெளியே நின்ற வெயில்

செண்பகனூரில் கித்தேரியம்மாளைப் பார்க்காதவர்கள் இருக்கலாம். அவள் இருமலைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. கொடைக்கானலுக்கு ஏறும் பஸ்ஸின் உறுமல் வளைவுக்கு அப்பால் அடங்கியதும், அடிவயிற்றிலிருந்து கிளம்பும் அந்த இருமல் தெருவின் இந்தக் கோடி வரை கேட்கும். புதிதாகக் குடிவருபவர்கள் காசநோய் என்று பயந்து குழந்தைகளை உள்ளே கூப்பிட்டுக்கொள்வார்கள். நர்ஸ் வேலை தெரிந்தவள் என்பதால் நான்தான் போய்ச் சொல்ல வேண்டியிருக்கும். இது காசநோய் இல்லை, ஒட்டாது, அவள் பிறக்கும்போதே கூடவே பிறந்தது என்று. சிலர் நம்புவார்கள். நம்பாதவர்களைப் பற்றிக் கித்தேரிக்குக் கவலை கிடையாது.

அவள் இருமுவது நோயின் அடையாளம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அவள் உயிரோடு இருப்பதே அந்த இருமலால்தான். அதைக் காப்பாற்றிக்கொள்ள அவள் யார் யாரோடு மல்லுக்கு நின்றாள் என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இரவு ஜெபம் முடிந்ததும் பிள்ளைகளின் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டு முத்தம் கொடுப்பது எங்கள் வீடுகளில் வழக்கம். கைக்குழந்தைக்கும் உண்டு. கித்தேரியின் அம்மா சலேத்தம்மாள் தன் பிள்ளைகளின் நெற்றியில் முத்தம் கொடுத்தபோதெல்லாம் உதட்டில் உப்புக் கரித்தது. மூத்தவை இரண்டும் ஆண். எவ்வளவு பால் குடித்தும் உடம்பு பிடிக்காமல், கபம் கட்டி, நடக்கப் பழகுமுன்பே போய்விட்டன. மாந்தம் என்றார்கள். மூன்றாவதாகப் பிறந்த கித்தேரியின் நெற்றியும் கரித்தது. ஆனால் இவள் போகவில்லை. பன்னிரண்டு வயதில் வேலூருக்குக் கூட்டிப்போனார்கள். வியர்வையை எடுத்துச் சோதித்துவிட்டு, சிஸ்டிக் ஃபைப்ரோஸிஸ் என்று அங்கே ஒரு பெயர் சொன்னார்கள். உடம்பில் ஊறும் நீரெல்லாம் பசைபோல் இறுகிவிடுமாம். நெஞ்சில் சளி கோந்தாக ஒட்டிக்கொள்ளும். வயிற்றில் கொழுப்பு செரிக்காது, சத்து சேராது. வியர்வையில் உப்பு அளவுக்கு மேல் வெளியேறும். அந்த ஆங்கிலப் பெயர் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. உப்பு வியாதி என்றார்கள். அதுவே நிலைத்தது.

அன்றிலிருந்து சலேத்தம்மாள் காலையும் மாலையும் மகளைக் குப்புறப் படுக்கவைத்து, குழித்த உள்ளங்கையால் முதுகில் தட்டுவாள். ஒட்டிய சளி இளகி, இருமலில் வெளியே வரும். தட்டுவதும் இருமுவதும் ஒருநாள் நின்றாலும் நெஞ்சு அடைத்துக்கொள்ளும்.

அப்பா மரியசூசை தச்சர். பங்களாக்களில் ஜன்னல் சட்டம் செய்வதும் கண்ணாடி மாட்டுவதும் அவர் வேலை. கொடைக்கானலில் கண்ணாடி மாட்டுகிறவனுக்கு வேலை ஓயாது. காற்றும் மழையும் ஆலங்கட்டியும் அவனுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்கும். மலையில் நெஞ்சு நோய்க்காரர் இருக்கும் வீட்டில் எல்லோருக்கும் ஒரே எதிரி, பனி. மரியசூசை தன் வீட்டு ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளை மடித்துச் செருகி, மேலே கோணித்துணி அடித்தார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்தினார். காலை வெயில் வந்தாலும் "பனி இன்னும் முழுசா இறங்கல" என்பார். மதியம் "பனி ஏறப்போவுது" என்பார். இடையில் இருந்த நேரத்தை அவள் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோயிலுக்கு வருவாள். கம்பளியும் குல்லாவுமாக, கண் மட்டும் தெரியும். பெண்கள் பக்கத்தில் கடைசியில், கதவை ஒட்டி அவளுக்கென்று ஓர் இடம். அதை ஒதுக்கியவர், பூசையில் சாமியாருக்கு ஒத்தாசை செய்யும் கோயிற்பிள்ளை உபகாரம். பிரசங்கத்தின்போது அவளுக்கு இருமல் கிளம்பினால் உபகாரம் பீடத்தருகில் நின்றபடியே கதவைக் கண்ணால் காட்டுவார். அவள் எழுந்து வெளியே போய், கம்பளியை வாயில் அடைத்துக்கொண்டு இருமிவிட்டு வருவாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. சாமியார் சொல்வது எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்பது அவர் கவலை.

நான் படிப்பு முடிந்த கையோடு நர்ஸ் வேலை கற்றுக்கொள்ள ஜெர்மனிக்குப் போனேன். அங்கிருந்து லண்டன், பிறகு குவைத். ஓரிடத்தில் இருக்கப் பிடிக்காத கால் எனக்கு. எண்பத்தொன்று ஜனவரியில் திரும்பி வந்த மறுநாள் கித்தேரியைப் பார்க்கப் போனேன். வீட்டின் தெற்குப் பக்கம் புதிதாக ஒன்று முளைத்திருந்தது. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி.

இரண்டு வருடங்களுக்கு முன் மதுரையிலிருந்து மாதம் ஒருமுறை மலையேறி வரும் நெஞ்சு டாக்டரம்மா சிவபாக்கியம், பிள்ளை வெளுத்துப் போயிருக்கிறாள், உடம்பில் வெயில் படட்டும் என்று சொல்லியிருக்கிறார். மரியசூசைக்கு அது பெரிய சிக்கல். வெயில் வேண்டும், பனி ஆகாது. சிக்கலுக்கு அவர் கையிலேயே விடை இருந்தது. பங்களாக்களில் சட்டம் மாற்றும்போது கழித்துப்போட்ட பழைய கண்ணாடிகளைக் கேட்டு வாங்கிச் சேர்த்தார். ஒன்றில் குமிழி, ஒன்றில் பச்சை ஓட்டம், ஒன்றில் எந்தக் காலத்து வெள்ளைக்காரப் பிள்ளையோ வைர மோதிரத்தால் கீறிய இரண்டு எழுத்து. சாக்பவுடரையும் ஆளிவிதை எண்ணெயையும் பிசைந்த மக்கை வைத்து, ஓர் இழை காற்றுகூடப் புகாதபடி அத்தனையையும் பதித்தார். உள்ளே ஒரு நாற்காலி. பங்களாக்காரர்களே வந்து பார்த்துவிட்டு, இதேபோல் தங்களுக்கும் வேண்டும் என்றார்களாம். தெருவே பேசியது, மகளுக்கு இப்படிச் செய்ய யாருக்கு மனம் வரும் என்று. உண்மைதான். அந்த அறையைப் பார்த்ததும் எனக்கும் கண் கலங்கியது.

கித்தேரி நாற்காலியிலிருந்து எழுந்தாள். என் கண் அவள் முகத்துக்குப் போகவில்லை, முதுகுக்குப் போனது. ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில், எழுபதைத் தாண்டிய பெண்கள் முதுகில் பார்த்த வளைவு அது. இவளுக்கு இருபதுகூட நிறையவில்லை.

"உலகத்தச் சுத்திட்டு வந்துட்டியா? எனக்கு இங்கேருந்தே எல்லாம் தெரியுது பாத்துக்க. யார் வீட்டு ஆடு யார் வீட்டு பீன்ஸத் திங்குதுன்னு மொத எனக்குத்தான் தெரியும்" என்றாள்.

முதுகு வலிக்கிறதா என்று கேட்டேன். அதெல்லாம் உட்கார்ந்தே இருப்பதால் என்றாள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஆனால் வந்த மறுநாளே ஊருக்கு வைத்தியம் சொன்னால் யார் கேட்பார்கள்?

பிப்ரவரியில் ஒரு நாள் மாலை ஜெபத்தின் நடுவே அவளுக்கு இருமல் வந்தது. ஜெபம் முடியட்டும் என்று அடக்கினாள். அடக்க அடக்கப் பெருகி, ஒரே மூச்சில் வெடித்தது. சுள்ளி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதாகச் சலேத்தம்மாள் சொல்கிறாள். கித்தேரி விலாவைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தாள். மறுநாள் மதுரைக்குக் கொண்டுபோனார்கள். நானும் போனேன். வத்தலக்குண்டு வந்து சேரும்வரை ஒவ்வொரு வளைவிலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

டாக்டர் சிவபாக்கியம் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். இரண்டு விலா எலும்புகளில் விரிசல். அதைவிட மோசமானது, மற்ற எலும்புகளும் படத்தில் புகைபோலத்தான் தெரிந்தன. முதுகெலும்புக் கோவையில் ஓர் எலும்பு அமுங்கியிருந்தது. அவர் சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. கித்தேரியிடமே சொன்னார்.

"விலா ஒடைஞ்சா உன்னால இரும முடியாது. உங்க அம்மா முதுகுல தட்டவும் முடியாது. சளி உள்ளயே தங்கும். இந்தத் தடவை வலிக்கு மருந்து குடுத்து எப்படியாவது இரும வச்சிருவேன். இப்படியே போனா அடுத்த குளிருக்குள்ள இன்னும் ரெண்டு போகும். அப்புறம் என் கையில ஒண்ணுமில்லம்மா."

பிறகு மரியசூசையிடம் திரும்பி, வெயிலில் உட்கார வையுங்கள் என்று சொன்னேனே, செய்தீர்களா என்று கேட்டார். கேட்டதுதான் தாமதம், சலேத்தம்மாள் பெருமையாகச் சொல்ல ஆரம்பித்தாள். நாள் பூராவும் வெயிலில்தான் இருக்கிறாள், அதற்கென்றே அவர் ஓர் அறை கட்டியிருக்கிறார் என்று. டாக்டர் நம்பாத முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தார். வெயிலில் இருப்பவள் எலும்பு ஏன் இப்படி இருக்கிறது என்று அவருக்கே புரியவில்லை. அடுத்த மாதம் மலைக்கு வந்தபோது நேராகச் செண்பகனூருக்கு வந்துவிட்டார்.

கண்ணாடி அறைக்குள் போய் நின்றார். நல்ல வெயில். உள்ளே கதகதப்பாக இருந்தது. கையை நீட்டி வெயிலைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைத் தொட்டுப் பார்த்தார். இதில் திறக்கிற ஜன்னல் எது என்று கேட்டார். ஒன்றும் இல்லை, ஒரு பொட்டுப் பனிகூட வராது என்றார் மரியசூசை. டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு என்னோடது மேஸ்திரி" என்றார். "வெயில்னு சொன்னேன். கண்ணாடி இல்லாத வெயில்னு சொல்லல. வெளிச்சம் இதுக்குள்ள வரும், சூடும் வரும். எலும்புக்கு வேண்டியது மட்டும் வெளியவே நின்னுரும். ரெண்டு வருஷமா இவ வெயிலே படாம ஒக்காந்திருக்கா."

மரியசூசை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கையாளும் பொருளைப் பற்றி அவருக்கு ஒரு டாக்டர் சொல்லித்தர வேண்டியதில்லை. பங்களாக்களில் கண்ணாடி ஜன்னலோரம் போட்ட ஈட்டி மர நாற்காலிகள் வெளுத்துப்போவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறார், வெயில் வராமல் எப்படி வெளுக்கும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. மரத்தை வெளுக்கிற வெயில் வேறு, எலும்புக்குப் போகிற வெயில் வேறு, இரண்டும் ஒன்றாகத்தான் வருகின்றன, கண்ணாடி ஒன்றை விட்டுவிட்டு ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது என்றார் டாக்டர். வெயில் பட்டால் தோலில் ஊறும் இந்த வைட்டமின் டி சத்தை வாய்வழியாகக் கொடுத்தாலும் கொழுப்போடு சேர்ந்தே உடம்பில் ஏறும். கொழுப்பே செரிக்காத வயிற்றில் மீன் எண்ணெய் குடித்தும் பாதி வீண். ஊசி கிடைக்கும்போது போடுகிறேன், ஆனால் தோலில் நேராக வெயில் படட்டும் என்றார். கூடவே இன்னொன்றும் சொன்னார். நடக்க வேண்டும். உட்கார்ந்திருக்கிற உடம்புக்கு எதற்குப் பலம் என்று எலும்பு தானாகக் கரைந்துவிடும். அதற்கு வேலை கொடுத்தால்தான் நிற்கும்.

டாக்டர் போனபின் மரியசூசை மனைவியிடம் சொன்னது எங்கள் வீடுவரை கேட்டது. பனியில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்துவிட்டேன், மூன்றாவதையும் தெருவில் நிறுத்தமாட்டேன் என்றார். மூத்த இரண்டும் போனது பனியால் இல்லை. அதை அவரிடம் யார் சொல்வது? அவர் வயதுக்கும் அவர் துக்கத்துக்கும் முன்னால் தெரு முழுக்க அவர் பக்கம் நின்றது. தகப்பன் சொல்வதுதான் சரி, டாக்டரம்மா கீழ்நாட்டுக்காரி, மலைப் பனி அவளுக்கு என்ன தெரியும் என்றார்கள். எலும்பு வீக்காக இருக்கிறவளை நடக்கவிட்டால் விழுந்து ஒடியாதா என்றார்கள். கேட்க எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

விலா கூடும்வரை கித்தேரி அமைதியாக இருந்தாள். மார்ச் கடைசியில் ஒரு நாள், மரியசூசை பெருமாள்மலைப் பக்கம் ஒரு பங்களா வேலைக்குப் போயிருந்தபோது, அவருடைய பழைய உளியை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனாள். பிறந்ததிலிருந்து அப்பா வேலை செய்வதை வேடிக்கை பார்த்தவள். மக்கை எப்படிச் சுரண்டுவது, ஆணியை எந்தப் பக்கம் நெம்புவது, கண்ணாடியை எப்படிச் சாய்த்து எடுப்பது என்று எல்லாம் தெரியும். முழங்கால் உயரத்துக்கு மேலிருந்த வரிசையில் ஆரம்பித்தாள். சலேத்தம்மாள் தடுக்க வந்தாள். கித்தேரி உளியை நிறுத்தவில்லை. கடைசியில் அந்த அம்மாள் தன் பழைய சேலையைக் கிழித்து, எடுத்த கண்ணாடிகளுக்கு இடையில் ஒவ்வொன்றாக வைத்தாள். என்னைக் கூப்பிட்டார்கள், பெரிய கண்ணாடிகளைப் பிடிப்பதற்காக. எழுத்துக் கீறிய கண்ணாடி என் கையில் வந்தபோது கித்தேரி, "அத பத்திரமா வையிடி, அது எங்கப்பாவுக்குப் பிடிச்சது" என்றாள்.

சாயங்காலம் மரியசூசை திரும்பியபோது தெற்குச் சுவர் வெறும் மரச்சட்டமாக நின்றது. உள்ளே நாற்காலியில் கித்தேரி, கம்பளி இல்லாமல், சட்டைக் கை இரண்டையும் முழங்கைக்கு மேல்வரை மடித்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். வெயில் போய்விட்டிருந்தது. அவர் வரட்டும் என்று இருந்தாள். அவர் கருவிப்பையைக் கீழே வைக்காமலே நின்றார்.

"ஒடைக்கலப்பா" என்றாள். "ஒண்ணுகூட ஒடைக்கல. கழட்டி வச்சிருக்கேன். எண்ணிப் பாத்துக்கங்க."

"பனி வருது. உள்ள வா."

"வாரேன். நாளைக்கு வெயில் வந்ததும் திரும்ப இங்கதான் ஒக்காருவேன். அப்புறம் நடந்து போவேன். எனக்கு இருமணும்பா. இருமத் தாங்குற எலும்பு வேணும்."

அவர் சுவரில் சாத்தியிருந்த கண்ணாடிகளிடம் போனார். குனிந்து ஒவ்வொன்றின் விளிம்பையும் விரலால் தடவிப் பார்த்தார். ஒரு சில்லுகூடப் பெயரவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து இரண்டு வருடத்துக்கு மேல் மகளோடு அவர் நேராகப் பேசவில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வார், சலேத்தம்மாள் எடுத்துச் சொல்வாள்.

முதலில் தெருக்கோடிவரை நடந்தாள். பிறகு பஸ் நிற்கும் இடம்வரை. வெயில் உச்சிக்கு வரும் நேரமாகப் பார்த்துக் கிளம்புவாள், முகமும் கையும் திறந்திருக்க. தெருப் பெண்கள் அவளை நிறுத்தி, அப்பன் மனசை நோகடித்தவள் நன்றாக இருக்கமாட்டாள் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். அப்பா மனசு நோகாமல் இருந்தபோதும் நான் நன்றாக இல்லையே என்று பதில் சொல்லிவிட்டு நடந்தாள். தனியாக நடக்க அலுத்தபோதுதான் குப்பம்மாளின் சிநேகம் கிடைத்தது.

குப்பம்மாள் கீழே மலைச்சரிவிலிருக்கும் அடுக்கம் ஊர்க்காரி. முப்பது வயதிருக்கும், மூன்று பிள்ளைகள். ஆரஞ்சும் பட்டர் ஃப்ரூட்டும் கூடையில் சுமந்து ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறி வந்து, செண்பகனூரிலும் கொடைக்கானல் பங்களாக்களிலும் விற்பாள். வாய் கூடையைவிடப் பெரியது. கித்தேரியை முதலில் பார்த்தபோதே அவள் கேட்டது இதுதான்: "கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒக்காந்திருந்த புள்ளதான நீ? இறக்கிவிட்டுட்டாகளா, நீயே குதிச்சுட்டியா?"

நானே குதித்தேன் என்றாள் கித்தேரி. குப்பம்மாளுக்கு அந்தப் பதில் பிடித்துப்போயிற்று. பாதையின் கடைசி ஏற்றத்தில் ஒரு சின்னக் கூடையை வாங்கிக்கொள்ள ஆள் கிடைத்தால் அவளுக்கும் நல்லது. டாக்டரிடம் கேட்டார்கள். பாரம் கொஞ்சமாக இருக்கட்டும், குனிந்து தூக்காதே, யாராவது எடுத்துத் தலையில் வைக்கட்டும், முதுகு நேராக நிற்கட்டும் என்றார். ஆரம்பத்தில் கூடையில் நாலைந்து பழந்தான். "ஒடையிறது பழமா நீயான்னு பாப்பம்" என்று சொல்லிக்கொண்டே குப்பம்மாள் தலையில் ஏற்றிவிடுவாள். வழியில் கித்தேரி நின்று இருமினால் அவளும் நின்று வெற்றிலை போட்டுக்கொள்வாள். "இருமி முடி, எனக்கென்ன அவசரம், வெரசாப் போனாலும் அந்தத் துரைசாணி பேரம் பேசாம வாங்கப் போறாளா" என்பாள். வாயை மூடிக்கொள்ளச் சொல்லாத முதல் ஆள் அவள்தான் என்று கித்தேரி என்னிடம் சொன்னாள்.

வெயிலில் நடந்தால் அவளுக்கு உப்பு இறங்கும். கால் இழுத்துக்கொள்ளும், தலை சுற்றும். முந்தானையில் கல் உப்பு முடிந்துகொண்டு, வழியில் ஒவ்வொரு கல்லாக வாயில் போடுவாள். மாடுகூட இப்படி நக்காது என்று குப்பம்மாள் சிரிப்பாள். சாப்பாடும் மாறியது. எண்ணெய் செரிக்காது என்று அதுவரை வீட்டில் வெறும் கஞ்சியும் ரசமும்தான் கொடுத்தார்கள். டாக்டர் அதைத் தலைகீழாக்கினார். செரிமான மாத்திரையைச் சோற்றோடு போட்டுக்கொண்டு நெய்யும் பாலும் சாப்பிடு, கேழ்வரகு சாப்பிடு, நெத்திலிக் கருவாட்டை முள்ளோடு மென்று தின்னு என்றார். அழுகப்போகும் பட்டர் ஃப்ரூட்டைக் குப்பம்மாள் இவளுக்கென்று எடுத்துவைப்பாள். அதைப் பிளந்து உப்புத் தொட்டுத் தின்பாள் கித்தேரி. இதெல்லாம் செரிக்குமா என்று சலேத்தம்மாள் ஓயாமல் கேட்பாள். ஆனாலும் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்ததை அவளாலும் மறைக்க முடியவில்லை.

எல்லாம் நல்லபடியாகவே போயிற்று என்று எழுதினால் பொய். எண்பத்து மூன்று ஜூலையில், மழையில் வழுக்கும் பாதையில் விழுந்து, இடது மணிக்கட்டு ஒடிந்தது. ஊர் இதற்காகத்தான் காத்திருந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் அப்போதே சொன்னோம். கித்தேரி கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, வழுக்குப் பாதையில் விழுந்தால் யார் கைதான் ஒடியாது, நீங்கள் ஒருமுறை விழுந்து காட்டுங்கள் என்றாள். அப்படிச் சொன்ன அன்று மாலை அவள் அழுததை நான் பார்த்தேன். கைக்காக இல்லை. இத்தனை நாள் கொட்டகையில் கிடந்த கண்ணாடிகளைக் கொண்டுவந்து மரியசூசை மரச்சட்டத்தின் அடியில் வரிசையாகச் சாத்திவைத்திருந்தார். மக்கும் பிசைந்து வைத்திருந்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள்.

"மாட்டுங்கப்பா" என்றாள். "கை கூடுனதும் கழட்டிருவேன். திரும்ப மாட்டுனா திரும்பக் கழட்டுவேன். நீங்க மாட்டுற வரைக்கும் நானும் கழட்டுவேன்."

அவர் மக்கு உருண்டையைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். வெகுகாலத்துக்குப் பிறகு அவளை நேராகப் பார்த்துப் பேசினார்.

"வலிக்குதா?"

"வலிக்குது."

"அப்ப எதுக்கு?"

"விலா வலிச்சப்ப இரும முடியல. இப்ப இருமுறேன், கேக்குதுல்ல?"

மறுநாள் காலை மரியசூசை திண்டுக்கல்லுக்குப் போய்ப் பித்தளைக் கீல்கள் வாங்கிவந்தார். தெற்குச் சட்டத்தைக் கதவுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் பழைய கண்ணாடியைப் பதித்து, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி மாட்டினார். வெயில் வந்தால் எல்லாவற்றையும் விரியத் திறந்துவைப்பார். பனி ஏறினால் வந்து சாத்துவார். கட்டுப் போட்ட கையோடு நடக்கக் கிளம்பியவளிடம், பாதை காயாமல் அடுக்கம் பக்கம் போகாதே, ரோட்டில் நட என்று மட்டும் சுவரிடம் சொன்னார்.

போன ஆண்டு நவம்பரில் சோதனை வந்தது. வடகிழக்குப் பருவமழை விடாமல் பெய்து, வெயில் முகமே தெரியாத நாட்கள். கித்தேரிக்கு நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் ஏறியது. இரவும் பகலும் இருமினாள். நான் ஊசி போடப் போவேன். நெஞ்சு நிமிர முடியாத அளவுக்கு இருமல். ஒவ்வொரு முறையும் மரியசூசை வேலையை நிறுத்திவிட்டு நிற்பார், அந்தச் சுள்ளி ஒடியும் சத்தத்துக்காக. சலேத்தம்மாள் முதுகில் தட்டத் தட்ட, அவள் இருமித் துப்பினாள். டிசம்பர் பாதியில் காய்ச்சல் விட்டது.

ஜனவரியில் மதுரையில் படம் எடுத்தார்கள். டாக்டர் சிவபாக்கியம் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு விலாவிலும் புதிய விரிசல் இல்லை. முதுகெலும்பு அமுங்கியது அமுங்கியதுதான், மேற்கொண்டு அமுங்கவில்லை. எலும்பு எல்லோருக்கும் இருப்பதுபோல் இல்லை, இருக்கப்போவதும் இல்லை. இருந்தது குறையாமல் நிற்கிறது, இந்த நோயில் அதுவே சம்பாத்தியம் என்றார். நெஞ்சைப் பற்றி அவர் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. கித்தேரியும் கேட்கவில்லை. இரும எலும்பு இருக்கிறதா என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது என்றார்.

அதற்கடுத்த ஞாயிறு அவள் கோயிலுக்கு வந்தாள். குல்லா இல்லை. கதவை ஒட்டிய தன் இடத்தைத் தாண்டி நடந்து, பெண்கள் பக்கம் முன்வரிசையில், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பின்னாலிருந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரசங்கத்தின் நடுவே இருமல் கிளம்பியது. பீடத்தருகில் நின்ற உபகாரம் வழக்கம்போல் கதவைக் கண்ணால் காட்டினார். அவள் அவர் கண்ணையே பார்த்தபடி முதுகை நிமிர்த்திக்கொண்டாள், விலாவை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து இருமினாள். முழுசாக, அடக்காமல், சளி கிளம்பி வரும்வரை. சாமியார் பேச்சை நிறுத்தினார். கோயில் முழுவதும் திரும்பியது.

ஆண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் மரியசூசை உட்கார்ந்திருந்தார். அவர் மட்டும் திரும்பவில்லை. தலையைச் சாய்த்து, கதவில் காது வைத்துக் கேட்கிறவர்போலக் கேட்டுக்கொண்டிருந்தார். இருமல் நின்றது. வேறு ஒரு சத்தமும் வரவில்லை. அவர் நிமிர்ந்து சாமியாரைப் பார்த்தார், தொடரலாம் என்பதுபோல.

உபகாரம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். கித்தேரி கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துவிட்டு, முந்தானை முடிச்சிலிருந்து ஓர் உப்புக்கல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள்.